தலையா, கப்பலா?

போன இதழில் ரோமானிய வெண்கலக் காசுகளைப் பற்றி நான்கே நான்கு பத்தி எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. அதனால் இந்த மாதக் கேள்வி-பதில் முழுக்க அதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. முப்பது வருடம் கடிகாரம் பழுதுபார்த்தவன். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு சின்னப் பொருளை உற்றுப் பார்க்கும் பழக்கம் பற்சக்கரத்தில் தொடங்கி, இப்போது காசில் வந்து நிற்கிறது.

என்னிடம் உள்ள காசின் பின்பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள். ஒரு கையில் தராசு, மறு கையில் கொம்பு மாதிரி ஏதோ. இவள் எந்தத் தேவதை? (கல்லூரி மாணவி ஒருவர்)

முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். கோயில் தூணில் வேலைக் கண்டால் முருகன், சங்கு சக்கரம் கண்டால் பெருமாள் என்கிறோம் இல்லையா? ரோமானியக் காசிலும் அதே கணக்குதான். இந்தப் பெண்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே முகம், ஒரே ஆடை மடிப்பு. ஆளைக் காட்டிக்கொடுப்பது கையில் உள்ள பொருள்.

கொம்பு என்று நீங்கள் சொல்வது வளக்கொம்பு. பழமும் கதிரும் பிதுங்கி வழியும் ஆட்டுக்கொம்பு. அதோடு தராசும் இருப்பதால் உங்களுடையவள் ஈக்விடாஸ் ஆகலாம், மொனேட்டாவும் ஆகலாம். முன்னவள் நேர்மை, பின்னவள் நாணயச்சாலைக்கு உரியவள். இருவரும் ஒரே மாதிரி நிற்பார்கள். விளிம்பில் உள்ள எழுத்தைப் படித்தால்தான் தீர்ப்பு. ரோமின் கேப்பிடோலின் குன்றில் ஜூனோ மொனேட்டா கோயிலை ஒட்டித்தான் பழைய நாணயச்சாலை இருந்தது. அந்தப் பெயரிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'மனி', 'மின்ட்' இரண்டும் பிறந்தன.

அடுத்த காசு கைக்கு வரும்போது உதவும் என்பதால் இன்னும் சிலரைச் சொல்லிவிடுகிறேன். கப்பலின் சுக்கானைப் பிடித்திருப்பவள் ஃபோர்ட்டூனா, அதிர்ஷ்டம். வாழ்க்கையை எந்தப் பக்கம் திருப்புவது என்பது அவள் கையில். நெற்கதிர் மாதிரி கோதுமைக் கதிரும், காலடியில் தானியம் அளக்கும் மரக்காலும், பின்னால் கப்பல் முனையும் இருந்தால் அன்னோனா, தானிய வரத்து. ரோம் நகரத்தின் சாப்பாடு எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்ததால் அந்த முனை. கிண்ணத்திலிருந்து பாம்புக்கு ஊட்டுபவள் சாலுஸ், நலம். ஒரு கையில் பூமொட்டு, மறு கையால் ஆடையின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைப்பவள் ஸ்பெஸ், நம்பிக்கை. கையில் கூம்புத் தொப்பி இருந்தால் லிபெர்ட்டாஸ், விடுதலை. அடிமை விடுதலையானதும் அணியும் தொப்பி அது.

எனக்குப் பிடித்தவள் செக்யூரிட்டாஸ். தூணில் முழங்கையை ஊன்றி, காலைக் குறுக்கே போட்டுக்கொண்டு, வேலை முடிந்தவள் போல் சாய்ந்து நிற்பாள். கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் பேரரசர்கள் ஒருவர் பின் ஒருவராக வெட்டுப்பட்டுச் செத்த காலத்திலும் அவள் அப்படியேதான் சாய்ந்து நிற்கிறாள்.

தங்கக்காசு இருக்கும்போது ஏன் இந்தச் செப்புக்காசின் மேல் உங்களுக்கு இத்தனை ஆசை?

தங்கம் வாங்க வசதி இல்லை என்பது முதல் காரணம். அதை மறைப்பானேன்.

இரண்டாவது, தங்கக்காசு சாதாரண ரோமானியன் கையில் தங்கவில்லை. முதல் பேரரசர் அகஸ்டஸ் ஒழுங்குபடுத்திய கணக்கில் ஒரு தங்க ஆரியஸுக்கு 25 வெள்ளி டெனாரியஸ். ஒரு டெனாரியஸுக்கு 4 செஸ்டெர்டியஸ், அல்லது 16 ஆஸ். ஓர் ஆஸுக்கு 4 குவாட்ரன்ஸ். பொது வெந்நீர்க் குளியலுக்கு ஒரு குவாட்ரன்ஸ் போதும். பொம்பெயி நகரத்தில் ஒரு மதுக்கடைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள்: ஓர் ஆஸுக்குக் குடிக்கலாம், இரண்டு கொடுத்தால் இன்னும் நல்லது கிடைக்கும், நான்கு கொடுத்தால் ஃபலேர்னியன் என்ற உயர்ந்த மது. அந்தக் கடையில் புழங்கியதும், குளியலறை வாசலில் விழுந்ததும், பிச்சைக்காரன் தட்டில் ஓசை எழுப்பியதும் இந்தக் காசுகள்தான். அரசாங்கம் எதையாவது ஊர் முழுக்கச் சொல்ல நினைத்தால் இதைவிட நல்ல இடம் எது?

இன்னொன்று. செஸ்டெர்டியஸ் சுமார் 25 கிராம் எடை, 3 சென்டிமீட்டருக்கு மேல் அகலம். செதுக்குபவனுக்குக் கை வீச இடம் இருந்தது. நீரோவின் ஒரு செஸ்டெர்டியஸில் ஓஸ்டியா துறைமுகமே அடங்கியிருக்கிறது. சுற்றிலும் வளைந்த கரை, நடுவே கப்பல்கள், கீழே சாய்ந்து படுத்த கடவுள். லென்ஸ் இல்லாமல் ஒருவன் இதை எப்படிச் செதுக்கினான் என்று யோசித்து எத்தனையோ மதியங்களை வீணாக்கியிருக்கிறேன்.

நீங்கள் அருங்காட்சியகத்தில் பார்க்கும் பச்சையும் கருப்பும் ரோமானியர் பார்த்த நிறம் அல்ல. அகஸ்டஸ் காலத்திலிருந்து செஸ்டெர்டியஸும் இரண்டு ஆஸ் மதிப்புள்ள டுபோண்டியஸும் பித்தளை, ஆஸ் செம்பு. வெண்கலம் என்று மொத்தமாகச் சொல்வது நம் வசதிக்கு. புதுப் பித்தளைக்காசு மஞ்சளாகப் பளபளத்திருக்கும்.

எல்லாக் காசிலும் எஸ், சி என்று இரண்டு பெரிய எழுத்து. யாருடைய பெயரின் முதலெழுத்து?

யாருடையதும் இல்லை. 'செனாட்டுஸ் கன்சுல்டோ', அதாவது செனட் என்ற ரோமானிய ஆட்சி மன்றத்தின் தீர்மானப்படி. தங்கமும் வெள்ளியும் பேரரசர் கையில், செம்பும் பித்தளையும் செனட்டின் பெயரில். உண்மையில் செனட் எவ்வளவு தூரம் தீர்மானித்தது என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். சேகரிப்பவருக்கு அது நல்ல அடையாளம், அவ்வளவுதான்.

காசைச் செலவு செய்பவன் படத்தையா பார்ப்பான்? இந்தச் சின்னங்களை யாராவது கவனித்தார்களா? (ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்)

ஐயா, நல்ல கேள்வி. எனக்கும் இந்தச் சந்தேகம் நெடுநாள் இருந்தது. என் பையில் உள்ள காசில் என்ன படம் என்று திடீரென்று கேட்டால் நானே திணறுவேன்.

ஆனால் கவனித்தார்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. எபிக்டெட்டஸ் என்ற தத்துவ ஆசிரியர், அடிமையாக இருந்து விடுதலையானவர், பாடம் நடத்தும்போது ஓர் உதாரணம் சொல்கிறார்: இந்தச் செஸ்டெர்டியஸில் யார் முத்திரை? டிராஜனுடையதா, கொடு. நீரோவுடையதா, தூக்கி எறி, அது செல்லாது, அழுகியது. அவர் மனிதர்களின் குணத்தைப் பற்றித்தான் பேசுகிறார். ஆனாலும் கேட்பவன் காசின் முகத்தைப் பார்ப்பான் என்ற தைரியம் இல்லாமல் இந்த உதாரணத்தை எடுத்திருக்க முடியாது.

கலிகுலா கொல்லப்பட்ட பிறகு, அவன் முகம் பதித்த வெண்கலக் காசுகளை உருக்கிவிட வேண்டும் என்று செனட் தீர்மானம் போட்டதாக வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். உருக்கிய உலோகத்துக்கு என்ன ஆயிற்று தெரியுமா? அடுத்த பேரரசர் கிளாடியஸின் மனைவி மெஸ்ஸலினா அதை வைத்து ம்னெஸ்டர் என்ற நடிகனுக்குச் சிலை செய்துவிட்டாளாம். செனட்டின் ஆத்திரம் கடைசியில் ஒரு ரசிகையின் காணிக்கையாகப் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் ஜூலியன். 361 முதல் 363 வரை ஆண்டவர், கிறிஸ்தவத்தை விட்டுப் பழைய தெய்வங்களிடம் திரும்பியவர். அவருடைய பெரிய வெண்கலக் காசில் ஒரு காளை, மேலே இரண்டு நட்சத்திரம். அந்தியோக்கியா நகரத்துக்காரர்கள் நையாண்டியில் பேர்போனவர்கள். அவருடைய தாடியையும் விடவில்லை, காசில் இருந்த காளையையும் விடவில்லை. எத்தனை மாடுகளை இவர் பலி கொடுத்தார் என்பது ஊருக்கே தெரியும், கேலிக்கு வேறு என்ன வேண்டும்? அந்தக் காளைக்கு என்ன பொருள் என்று அறிஞர்கள் இன்று வரை ஒத்துப்போகவில்லை. சந்தையில் இருந்தவர்களுக்கு மட்டும் சந்தேகமே இருக்கவில்லை.

காசில் பேரரசர்கள் பொய் சொன்னார்களா?

சொன்னார்கள். ஆனால் நான் பொய் என்று மட்டும் படிப்பதில்லை, பயம் என்றும் படிக்கிறேன். எந்த வார்த்தையைத் திரும்பத் திரும்ப அச்சடிக்கிறார்களோ, அந்தப் பக்கத்தில் கூரை ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கி.பி. 69-ஆம் ஆண்டை எடுங்கள். ஒரே ஆண்டில் நான்கு பேரரசர்கள், படைகள் மாறி மாறி ஆளைத் தூக்கி உட்கார வைத்த ஆண்டு. அந்த ஆண்டில் விட்டெல்லியஸ் காசில் என்ன படம்? இரண்டு கைகள் பற்றிக்கொண்டிருக்கின்றன, சுற்றிலும் 'படைகளின் விசுவாசம்' என்ற வாசகம். டிசம்பரில் ஆளையே கொன்றுவிட்டார்கள்.

இதைவிட மோசமானது கரகல்லாவும் கேட்டாவும். அண்ணன் தம்பி. அப்பா செப்டிமியஸ் செவரஸ் 211-இல் இறந்ததும் இருவரும் கூட்டாகப் பேரரசர்கள். காசில் கான்கார்டியா, ஒற்றுமை, கைகோர்த்து நிற்கிறார்கள். அரண்மனையிலோ ஒருவர் பகுதிக்குள் இன்னொருவர் கால் வைப்பதில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அம்மா ஜூலியா டோம்னாவின் மடியிலேயே கேட்டாவை வெட்டச் செய்தான் கரகல்லா. கேட்டாவின் பெயரையும் உருவத்தையும் எங்கும் அழிக்க உத்தரவு. இன்றைய துருக்கியில் உள்ள ஸ்ட்ராட்டோனிகேயா நகரம் வெளியிட்ட பெரிய வெண்கலக் காசுகளில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே பார்த்தபடி இருந்தார்கள். அவற்றில் கேட்டாவின் முகத்தை மட்டும் உளியால் செதுக்கி எடுத்துவிட்டார்கள். கரகல்லா இப்போது வெறும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒற்றுமை என்று அச்சடித்த எல்லாக் காசையும்விட அந்தப் பள்ளம் எனக்கு அதிகம் சொல்கிறது.

எல்லாமே புளுகு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில காசுகள் கணக்குச் சீட்டு மாதிரி, நடந்ததை நடந்தபடி சொல்கின்றன. 118-இல் ஹேட்ரியன், அரசுக்கு வர வேண்டிய பழைய பாக்கி 90 கோடி செஸ்டெர்டியஸைத் தள்ளுபடி செய்தார். அந்தத் தொகை காசின் விளிம்பிலேயே எழுதியிருக்கிறது. நடுவில் ஓர் ஆள் கடன் பத்திரக் குவியலுக்குத் தீப்பந்தம் வைக்கிறான். கலிகுலாவின் குட்டிக் காசில், ஏல விற்பனை மேல் இருந்த 200-இல் 1 பங்கு வரியை நீக்கிய செய்தி மூன்றே எழுத்தில் சுருங்கிக் கிடக்கிறது.

எனக்கு மிக நெருக்கமானது நெர்வாவின் செஸ்டெர்டியஸ். ஆண்டு 97. அரசுத் தபாலுக்கும் அதிகாரிகளின் பயணத்துக்கும் வண்டியும் விலங்கும் கொடுக்க வேண்டிய சுமை இத்தாலி ஊர்களின் தலையில் இருந்தது. அதை நெர்வா நீக்கினார். அதற்குக் காசில் தேவதை இல்லை, வெற்றி மாலை இல்லை. இரண்டு கோவேறு கழுதைகள் புல் மேய்கின்றன. பின்னால் அவிழ்த்துவிட்ட வண்டி, ஏர்க்கால் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறது. வரிச்சலுகையை இதைவிட அழகாக யாராவது வரைந்திருக்கிறார்களா?

காசில் மிருகங்களும் வருகின்றனவே, அவற்றுக்கு என்ன அர்த்தம்?

பெரும்பாலும் ஊர்ப்பெயருக்குப் பதில் நிற்கின்றன. முதலை என்றால் எகிப்து. தெற்கு பிரான்சின் நீம் நகரக் காசில் ஒரு முதலை ஈச்சை மர அடியில் சங்கிலியோடு கிடக்கிறது, மறுபக்கம் அகஸ்டஸும் தளபதி அக்ரிப்பாவும் முதுகு சேர்த்தபடி. கிளியோபாட்ராவின் எகிப்து விழுந்ததற்கு அது அடையாளம். சில்லறைத் தட்டுப்பாட்டில் இந்தக் காசை இரண்டாக வெட்டிப் புழங்கினார்கள். அதனால் பலருக்குக் கிடைப்பது முதலையின் வால் பக்கமோ தலைப் பக்கமோ மட்டும். நீம் நகரத்தின் சின்னம் இன்றும் அந்த முதலையும் மரமும்தான்.

முயல் என்றால் ஸ்பெயின். ஹேட்ரியன் காசில் ஹிஸ்பானியா என்ற பெண் ஆலிவ் கிளையோடு சாய்ந்திருக்க, பக்கத்தில் ஒரு முயல். மயில் ஜூனோவின் பறவை, இறந்த பேரரசியை வானத்துக்குத் தூக்கிச் செல்லும். பேரரசரைக் கழுகு தூக்கும். 248-இல் ரோம் பிறந்து 1000 ஆண்டு ஆனதை பிலிப் என்ற பேரரசர் கொண்டாடினார். அந்தக் காசுகளில் சிங்கம், நீர்யானை, கலைமான் எல்லாம் வரிசையாக வருகின்றன. அங்கே மட்டும் தத்துவம் தேட வேண்டாம், அரங்கத்தில் காட்டிய விலங்குகளின் விளம்பரம் அது.

அந்தப் பிரிட்டானியா காசைப் பற்றி ஒரு வரி எழுதி நிறுத்திவிட்டீர்களே?

இடம் போதவில்லை. 154-155 ஆண்டுகளில் பேரரசர் அந்தோனினஸ் பயஸ் வெளியிட்ட ஆஸ் அது. பிரிட்டன் நாட்டின் பெண்ணுருவான பிரிட்டானியா பாறை மேல் தலையைக் கையில் தாங்கி, கவலையாக உட்கார்ந்திருக்கிறாள். பிரிட்டனின் வடக்கே ஹேட்ரியன் சுவரை ஒட்டி, கேரோபர்க் என்ற இடத்தில் கொவென்டினா தேவதையின் கிணறு இருந்தது. 1876-இல் அதைத் தோண்டியபோது ஆயிரக்கணக்கான காசுகள் வெளிவந்தன. அவற்றில் இந்தக் காசு மட்டும் 300-க்கும் மேல். காவல் வீரர்கள் வேண்டிக்கொண்டு போட்டிருக்க வேண்டும். தோற்றுப்போன நாட்டின் படம் அது. 1672-இல் இங்கிலாந்து அதே பெண்ணை எடுத்துத் தன் செப்புக்காசில் நிமிர்ந்து உட்கார வைத்துக்கொண்டது.

பச்சைப் பிடித்த காசை எப்படிச் சுத்தம் செய்வது?

செய்யாதீர்கள்.

சரி, இது பதில் ஆகாது. என் கதையைச் சொல்கிறேன். நெர்வாவின் கழுதைக் காசு, மிகத் தேய்ந்த ஒன்று, வருடக்கணக்கில் காத்திருந்து கைக்கு வந்தது. அப்போது எனக்குக் கடிகார உறை பளபளக்கச் செய்யும் வித்தை தெரியும் என்ற கர்வம். அமோனியா கலந்த கரைசலில் ஊறப்போட்டு, பித்தளைக் கம்பி பிரஷால் தேய்த்தேன். பச்சைத் தோல் போயிற்று. அதோடு வலதுபக்கக் கழுதையின் முன்பாதியும் போயிற்று. நூற்றாண்டுகளாக மண்ணுக்குள் கிடந்த காசில் உலோகத்தின் மேற்பரப்பே களிம்பாக மாறியிருக்கிறது, செதுக்கல் அந்தக் களிம்பில்தான் உயிரோடிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. என்னிடம் இப்போது இருப்பது ஒன்றரைக் கழுதை. என்னையும் சேர்த்தால் இரண்டரை என்பாள் என் மனைவி.

டிஸ்டில்ட் வாட்டரில் ஊறவைத்து, மென்மையான பிரஷால் மண்ணை மட்டும் எடுங்கள். கெட்டியான, வழவழப்பான பச்சை நல்லது, விட்டுவிடுங்கள். வெளிர்பச்சையாகப் பொடிபொடியாக உதிர்ந்தால் மட்டும் கவலைப்படுங்கள். உள்ளே குளோரைடு உப்பு இருக்கிறது, ஈரம் பட்டால் அது அரித்துக்கொண்டே போகும். அந்தக் காசைத் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் உலர்வாக வையுங்கள்.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

அனுபவசாலியிடம் காட்டுங்கள். விளிம்பில் வார்ப்பு அச்சின் கோடு தெரிந்தால் வாங்காதீர்கள். ரோமப் பேரரசின் காசு சம்மட்டியால் அடித்தது. போலி இன்று நேற்று வந்ததும் அல்ல. பாடுவாவைச் சேர்ந்த ஜியோவன்னி தா கவினோ 16-ஆம் நூற்றாண்டிலேயே செஸ்டெர்டியஸ் மாதிரிகளை அற்புதமாகச் செய்தார். இப்போது அந்தப் போலிகளைச் சேகரிக்கவே தனிக் கூட்டம் இருக்கிறது.

என்னிடம் இருப்பவை எல்லாம் சுண்டுவிரல் நகம் அளவுக் காசுகள். இவற்றில் பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் லென்ஸ் வேண்டும். அவை பெரும்பாலும் 4-ஆம் நூற்றாண்டுக் காசுகள். ஓநாய் இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுத்தால், மறுபக்கம் தலைக்கவசத்தோடு ரோம் நகரத்தின் பெண்ணுருவான ரோமா இருப்பாள். 330-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் புதுத் தலைநகர் கான்ஸ்டான்டினோபிளைத் திறந்தபோது, பழைய ரோமைச் சமாதானப்படுத்துவது போல வந்த காசு. அதன் ஜோடியில் கான்ஸ்டான்டினோபிள் என்ற பெண்ணும் கப்பல் முனையில் நிற்கும் வெற்றித் தேவதை விக்டோரியாவும்.

குதிரையிலிருந்து ஒருவன் விழ, வீரன் ஈட்டியால் குத்தினால், அது 348-க்குப் பிறகு வந்தது. வாசகம் 'நற்காலம் திரும்பியது'. இந்தக் காசுகள் இந்த வாசகத்தோடேயே வரவரச் சிறுத்தன. கள்ளக்காசு அடித்தவர்கள் குதிரைவீரனை வெறும் குச்சிக் கோடுகளாக்கிவிட்டார்கள். அந்தக் குச்சி மனிதர்களை நான் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

ரோமானியரும் காசைச் சுண்டிப் பூவா தலையா போட்டார்களா? (என் மகன் கேட்கச் சொன்னான்)

போட்டார்கள், தம்பி. ஆனால் அவர்கள் 'தலையா, கப்பலா' என்று கத்துவார்கள். குடியரசுக் கால ஆஸ் காசின் ஒரு பக்கம் ஜானுஸ், முன்னும் பின்னும் முகம் உள்ள வாசல் தெய்வம். மறுபக்கம் போர்க்கப்பலின் முனை. அந்தக் காசு மறைந்து நானூறு ஆண்டுக்கு மேல் கழித்து மக்ரோபியஸ் என்பவர் எழுதுகிறார்: பையன்கள் காசை மேலே எறிந்து இன்னும் 'தலையா, கப்பலா' என்றுதான் கூவுகிறார்கள்.